சோலார் பேட்டரி வாங்குமுன்: டிஸ்சார்ஜ் அளவு, வாரண்டி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் சோலார் போட முடிவு செய்தவர்கள் பேனலைப் பற்றி நிறைய விசாரிக்கிறார்கள். பேட்டரி விஷயத்தில் மட்டும் கடைக்காரர் "150 ஏ.எச்., அஞ்சு வருஷ வாரண்டி" என்றதும் சரி என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்கள். ஆனால் முதலில் கெடுவதும், திரும்பத் திரும்பச் செலவு வைப்பதும் பேட்டரிதான். ஏ.எச். (ஆம்பியர் ஹவர்) என்பது பேட்டரியின் கொள்ளளவு. அந்த இரண்டு எண்களுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு கடைக்குப் போனால் பேரமே வேறு மாதிரி இருக்கும். தமிழ்நாட்டு வீடுகளை மனதில் வைத்து இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

எங்கள் வீட்டுக்கு முதலில் பேட்டரி தேவைதானா?

கரண்ட் அதிகம் போகாத ஊர் என்றால் பெரும்பாலும் தேவையில்லை. நெட் மீட்டரோடு போடும் ஆன்-கிரிட் சோலாரில் பகலில் மிஞ்சும் மின்சாரம் ஈ.பி. லைனுக்குப் போய்க் கணக்கில் சேர்ந்துவிடும். ஒரு விஷயம் மட்டும் தெரிந்திருக்க வேண்டும். கரண்ட் போனால் ஆன்-கிரிட் இன்வெர்ட்டரும் தானாக நின்றுவிடும், வெயில் கொளுத்தினாலும் சரி. லைனில் வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. கரண்ட் இல்லாத நேரத்திலும் வீடு ஓட வேண்டும் என்பவர்களுக்குத்தான் பேட்டரி. 2024-இல் வந்த பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட் அல்லது அதற்கு மேல் போட்டால் கிடைக்கும் 78,000 ரூபாய் மானியம் பேனலின் கிலோவாட் கணக்கில் தரப்படுவது. பேட்டரிச் செலவு உங்கள் பொறுப்பு என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள்.

பேட்டரி மேல் சி10, சி20 என்று போட்டிருக்கிறதே, அது என்ன?

எத்தனை மணி நேரத்தில் காலி செய்து அந்த ஏ.எச். அளவை அளந்தார்கள் என்பதைச் சொல்வது அது. 150 ஏ.எச். சி10 என்றால் 15 ஆம்பியர் வீதம் 10 மணி நேரம் தரும். 150 ஏ.எச். சி20 என்றால் 7.5 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் தரும். பெருக்கினால் இரண்டுமே 150 வருகிறது. ஆனால் இரண்டும் ஒரே பேட்டரி அல்ல.

ஈய-அமில பேட்டரியில் கரண்ட்டை வேகமாக இழுக்க இழுக்கக் கிடைக்கும் மொத்த அளவு குறையும். தட்டுக்கு உள்ளே இருக்கும் அமிலம் தீரும் வேகத்துக்கு வெளியிலிருந்து புது அமிலம் ஊறி உள்ளே போக நேரம் போதாது. பாய்க்கர்ட் என்ற ஜெர்மானியர் 1897-லேயே இதைக் கணக்காக எழுதிவிட்டார். அந்தக் கணக்குப்படி சி20-இல் 150 ஏ.எச். தரும் பேட்டரியைப் 10 மணி நேரத்தில் காலி செய்தால் சுமார் 130 ஏ.எச். தான் கிடைக்கும். அதாவது கடையில் பக்கத்துப் பக்கத்தில் "150" என்று நிற்கும் இரண்டில் ஒன்று உண்மையில் 20 ஏ.எச். சின்னது. விலை குறைவாக இருப்பதற்குப் பாதிக் காரணம் இதுவே.

லேபிளில் பெரிய எழுத்தில் 150 என்று இருக்கும். சி20 என்பது ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும், சிலவற்றில் பக்கவாட்டில் இருக்கும். போனில் டார்ச் அடித்தாவது தேடிப் பாருங்கள். எங்கேயுமே போடவில்லை என்றால் சி20 என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

சி20 பேட்டரியையே சோலாருக்குப் போட்டால் என்ன? விலை குறைவாக இருக்கிறதே.

ஓடும். ஆனால் இரண்டு இடத்தில் இடிக்கும்.

சாதாரண இன்வெர்ட்டர் பேட்டரி எப்போதாவது கரண்ட் போகும்போது வேலை செய்யப் பிறந்தது, மற்ற நாளெல்லாம் முழு சார்ஜில் சும்மா நிற்கும். சோலாரில் தினமும் இறங்கி ஏற வேண்டும், அதுவும் வெயில் உள்ள ஐந்தாறு மணி நேரத்துக்குள் ஏறி முடிக்க வேண்டும். சோலாருக்கென்று வரும் சி10 ட்யூபுலரில் (ஈய-அமில பேட்டரியில் குழாய் வடிவத் தட்டு உள்ள வகை) தட்டும் அமிலமும் இந்தத் தினசரி வேலைக்கு ஏற்றபடி அமைக்கப்பட்டிருக்கும். சோலார் பேட்டரிக்கென்றே ஐ.எஸ். 16270 என்ற இந்தியத் தர நிர்ணயம் இருக்கிறது. வாங்குவது அதன்படி சோதிக்கப்பட்டதா என்று டீலரிடம் கேட்கலாம், கேட்பதில் தவறே இல்லை.

இன்னொன்று வாரண்டி. பல கார்டுகளில் எந்தப் பயன்பாட்டுக்கு எத்தனை மாதம் என்று தனித்தனியாக இருக்கும். வீட்டு இன்வெர்ட்டருக்கு 60 மாதம் தரும் அதே பேட்டரிக்கு, சோலாரில் மாட்டினால் குறைவாகவோ ஒன்றுமே இல்லாமலோ போகலாம். சர்வீஸுக்கு வருபவர் கண்ணில் முதலில் படுவதே மாடியில் இருக்கும் பேனல்தான்.

சரி, 150 ஏ.எச். சி10 ஒன்று இருந்தால் எத்தனை மணி நேரம் ஓடும்?

ஏ.எச். கணக்கை விட்டுவிட்டு யூனிட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள், ஈ.பி. பில் பார்த்துப் பழகிய நமக்கு அதுதான் சுலபம். 12 வோல்ட் × 150 ஏ.எச். = 1,800 வாட் ஹவர், அதாவது 1.8 யூனிட். இதில் பாதியைத்தான் தினமும் எடுக்கலாம் (ஏன் என்பது அடுத்த கேள்வியில்), ஆக 0.9 யூனிட். இன்வெர்ட்டர் தின்னும் 15 சதவீதத்தைக் கழித்தால் முக்கால் யூனிட். சாதாரண 75 வாட் ஃபேன் இரண்டு, 10 வாட் எல்.இ.டி. நான்கு என்றால் மொத்தம் 190 வாட், நான்கு மணி நேரம் ஓடும். ஃபேனை பி.எல்.டி.சி. (குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் உள்ளது) ஆக மாற்றினால் ஒன்று 30 வாட்டுக்குள் முடிந்துவிடும், அதே பேட்டரி ஏழு மணி நேரத்தைத் தாண்டும். இரண்டாவது பேட்டரி வாங்க நினைப்பவர்கள் முதலில் ஃபேனை மாற்றட்டும் என்பது என் அழுத்தமான கருத்து.

அதே பேட்டரியில் 600 வாட் லோடு போட்டால் இன்வெர்ட்டர் இழப்பையும் சேர்த்து ஏறக்குறைய 59 ஆம்பியர் இழுக்கும். சி10-க்குச் சொன்ன 15 ஆம்பியரைப் போல அது நான்கு மடங்கு. 150-ஐ 59-ஆல் வகுத்தால் இரண்டரை மணி நேரம் என்று வரும், உண்மையில் இரண்டு மணி நேரத்துக்குள் பேட்டரி அடியோடு காலி.

முழுசாகக் காலி செய்தால் என்ன ஆகும்? வாங்கியது முழு பேட்டரிதானே?

ஈய-அமில பேட்டரியில் ஒவ்வொரு முறையும் எவ்வளவு ஆழத்துக்கு இறக்குகிறோமோ அந்த அளவுக்கு ஆயுள் குறையும். நல்ல ட்யூபுலரின் விளக்கத் தாளில் 80 சதவீதம் இறக்கினால் 1,500 சைக்கிள், 50 சதவீதம் இறக்கினால் 3,000 சைக்கிள் என்கிற மாதிரி கொடுத்திருப்பார்கள். ஒருமுறை இறக்கி ஏற்றுவது ஒரு சைக்கிள். தினமும் ஒரு சைக்கிள் என்றால் முதலாவது நான்கு வருடம், இரண்டாவது எட்டு வருடம். அது ஆய்வகக் கணக்கு, வீட்டில் அதைவிடக் குறையும். ஆனாலும் விகிதம் உண்மை.

"3,000 சைக்கிள்" என்று மட்டும் ஒருவர் சொன்னால் எத்தனை சதவீத டிஸ்சார்ஜில் என்று உடனே கேட்க வேண்டும். அந்தச் சதவீதம் இல்லாத சைக்கிள் எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

லித்தியத்தில் இந்த சி10 பிரச்சினை இல்லை என்கிறார்களே?

பெரும்பாலும் உண்மை. வீட்டுக்கு வரும் லித்தியம் பேட்டரிகளில் இப்போது அதிகம் இருப்பது எல்.எஃப்.பி. எனும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. வேகமாக இழுத்தாலும் அளவு அவ்வளவாகக் குறையாது, 80 அல்லது 90 சதவீதம் வரை தினமும் இறக்கலாம்.

ஆனால் வேறொரு வரம்பு இருக்கிறது, அதைக் கடையில் யாரும் தாமாகச் சொல்வதில்லை. 51.2 வோல்ட், 100 ஏ.எச். பேட்டரி ஒன்றில் 5.12 யூனிட் இருக்கிறது. அதன் தாளில் தொடர் டிஸ்சார்ஜ் 0.5சி (ஏ.எச். எண்ணில் பாதி ஆம்பியர்) என்று இருந்தால் 50 ஆம்பியருக்கு மேல் அது தராது. 51.2 × 50 போட்டால் 2,560 வாட். நீங்கள் 5 கிலோவாட் இன்வெர்ட்டர் வாங்கி வைத்திருந்தாலும் கரண்ட் போன நேரத்தில் இரண்டரை கிலோவாட்டைத் தாண்டித் தொடர்ந்து ஓட்டினால், உள்ளே இருக்கும் பி.எம்.எஸ். (பேட்டரியைக் கண்காணிக்கும் மின்னணுச் சுற்று) தன்னைக் காத்துக்கொள்ள இணைப்பைத் துண்டித்துவிடும். வீடு இருண்டுவிடும், பேட்டரியில் முக்கால்வாசி சார்ஜ் அப்படியே இருக்கும். "பேட்டரி ஃபால்ட்" என்று வரும் அழைப்புகளில் சில இந்த வகை. அங்கே ஃபால்ட் எதுவும் இல்லை, பொருத்தம் பார்க்காமல் வாங்கியதுதான் காரணம். 1சி பேட்டரியாக வாங்க வேண்டும், இல்லையென்றால் 0.5சி பேட்டரி இரண்டைப் பேரலலில் போட வேண்டும்.

ஏ.சி., போர் மோட்டார் ஓடுமா?

தாளில் "தொடர்", "உச்சம்" என்று இரண்டு எண் இருக்கும். உச்சத்துக்கு எத்தனை விநாடி என்றும் எழுதியிருக்க வேண்டும். 1 எச்.பி. மோட்டார் ஓடும்போது 746 வாட் வேலை செய்கிறது என்றாலும் கிளம்பும் நொடியில் ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். பேட்டரி, இன்வெர்ட்டர் இரண்டுமே அந்த நொடியைத் தாங்க வேண்டும். இன்வெர்ட்டர் ஏ.சி. மெதுவாகக் கிளம்புவதால் பிரச்சினை குறைவு. போர் மோட்டாரைப் பேட்டரியில் ஓட்டவே வேண்டாம் என்பேன். வெயிலில் பேனல் தரும்போது தொட்டியை நிரப்பிக்கொள்ளுங்கள், மாடியில் நிற்கும் தண்ணீரும் சேமிப்புதான்.

வாரண்டியில் "36+24" என்றால் ஐந்து வருடம்தானே?

இல்லை. மூன்று வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் 36 மாதம் கெட்டால் இலவசமாக மாற்றித் தருவார்கள். அடுத்த 24 மாதம் புரோ-ரேட்டா, அதாவது புதிது வாங்கும்போது ஒரு தள்ளுபடி. அந்தத் தள்ளுபடி எதன் மேல் கணக்கிடப்படுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பெரும்பாலும் எம்.ஆர்.பி. மேல். ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். எம்.ஆர்.பி. 20,000 ரூபாய், 40-ஆவது மாதத்தில் 30 சதவீதத் தள்ளுபடி என்றால் நீங்கள் கட்டுவது 14,000. அதே பேட்டரி கடையில் சாதாரணமாக 15,500-க்குக் கிடைக்கிறது, பழைய பேட்டரியைக் கொடுத்தால் 2,500 குறைக்கிறார்கள் என்று வையுங்கள். அப்போது 13,000-தான் ஆகிறது. வாரண்டியில் மாற்றும்போது பழைய பேட்டரியைக் கம்பெனியே எடுத்துக்கொள்ளும், எக்ஸ்சேஞ்ச் பணம் கிடையாது. ஆக வாரண்டியைப் பயன்படுத்தியதில் ஆயிரம் ரூபாய் நஷ்டம்! உங்கள் ஊர் விலையைப் போட்டு இதே கணக்கைச் செய்து பார்த்துவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள்.

இதனால்தான் "24+36" கொடுக்கும் பேட்டரியையும் "48+12" கொடுக்கும் பேட்டரியையும் 60 மாதம் என்று ஒன்றாகப் பார்க்கக் கூடாது. முதல் எண்ணை மட்டும் ஒப்பிடுங்கள்.

மாற்றிக் கொடுத்த பேட்டரிக்குப் புது வாரண்டி உண்டா?

வழக்கமாகக் கிடையாது. முதலில் வாங்கிய தேதியிலிருந்து மீதமிருக்கும் மாதங்கள் மட்டும். மாற்றும்போது புது சீரியல் எண்ணைப் பழைய கார்டிலோ ஆன்லைன் பதிவிலோ ஏற்றிவிட்டார்களா என்று அங்கேயே நின்று பார்த்துவிட வேண்டும்.

லித்தியம் வாரண்டியை எப்படிப் படிப்பது?

அதில் மூன்று வரம்புகள் இருக்கலாம்: இத்தனை வருடம், இத்தனை சைக்கிள், இத்தனை யூனிட் வெளியேறும் வரை. எது முதலில் வருகிறதோ அத்தோடு வாரண்டி முடிந்தது. கூடவே, வாரண்டி முடியும்போது எத்தனை சதவீதம் கொள்ளளவு மிஞ்சியிருக்கும் என்ற உறுதியும் இருக்க வேண்டும். 60, 70, 80 என்று கம்பெனிக்குக் கம்பெனி மாறும். 60 சதவீத உறுதி என்றால், உங்கள் 5 யூனிட் பேட்டரி 3 யூனிட்டாகக் குறைந்தாலும் கம்பெனியைப் பொறுத்தவரை அது நல்ல பேட்டரி.

மூன்றாவது வரம்புக்கு நன்றாகத் தெரிந்த உதாரணம் டெஸ்லாவின் பவர்வால் 2. கொள்ளளவு 13.5 யூனிட். சோலாரைச் சேமித்து வீட்டில் பயன்படுத்தவும், கரண்ட் போகும்போது உதவவும் மட்டும் என்றால் 10 வருடம், 70 சதவீத உறுதி, சைக்கிள் வரம்பு இல்லை. வேறு விதமாகப் பயன்படுத்தினால் அதே 10 வருடத்தோடு 37,800 யூனிட் என்ற வரம்பும் சேர்ந்துகொள்ளும். 37,800-ஐ 13.5-ஆல் வகுத்தால் 2,800 முழு சைக்கிள். தினமும் ஒன்று என்றால் ஏழரை வருடத்தைத் தாண்டியதும் முடிந்துவிடும். பெட்டி ஒன்றே, அதை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதைப் பொறுத்து வாரண்டி மாறுகிறது. நம் ஊரில் விற்கும் பேட்டரிகளின் தாளிலும் இப்படி ஒரு வரி இருக்கிறதா என்று தேடுங்கள்.

"6,000 சைக்கிள்" என்கிறார்கள், வாரண்டி மட்டும் 5 வருடம். ஏன்?

6,000 சைக்கிள் என்றால் தினம் ஒன்று வீதம் 16 வருடத்துக்கு மேல். 5 வருடம் என்றால் 1,825 நாள். கம்பெனி பொறுப்பேற்பது அந்த 1,825-க்கு மட்டும், மீதி அவர்களுடைய எதிர்பார்ப்பு. எதிர்பார்ப்பு நிறைவேறலாம், எல்.எஃப்.பி. நன்றாகவே உழைக்கிறது. ஆனால் பணம் கொடுக்கும்போது 1,825-ஐ வைத்துக் கணக்குப் போடுங்கள். அதற்கு மேல் கிடைப்பதெல்லாம் லாபம்.

ட்யூபுலரையும் லித்தியத்தையும் எப்படித்தான் ஒப்பிடுவது?

டிஸ்சார்ஜ் அளவையும் வாரண்டியையும் தனித்தனியாகப் பார்க்காமல் பெருக்கிப் பாருங்கள். வாரண்டிக் காலத்துக்குள் தினமும் எடுக்கக்கூடிய யூனிட் மொத்தம் எவ்வளவு? இந்த ஒரு எண் போதும்.

150 ஏ.எச். சி10 ட்யூபுலர் நான்கு சேர்த்தால் தாளில் 7.2 யூனிட், பாதி எடுத்தால் தினம் 3.6. இலவச மாற்று 36 மாதம் என்றால் 1,095 நாள். மொத்தம் சுமார் 3,900 யூனிட். 51.2 வோல்ட் 100 ஏ.எச். லித்தியம் ஒன்று தாளில் 5.12 யூனிட், 80 சதவீதம் எடுத்தால் தினம் 4.1. ஐந்து வருடத்துக்குச் சுமார் 7,500 யூனிட். வருடா வருடம் கொஞ்சம் குறையும் என்று 7,000 என வைத்துக்கொள்ளலாம். தாளில் சின்னதாகத் தெரியும் லித்தியம் ஒன்று, ட்யூபுலர் நான்கின் தினசரி வேலையைச் செய்துவிடுகிறது.

உங்களுக்குச் சொன்ன விலையை இந்த யூனிட்டால் வகுத்தால் யூனிட்டுக்கு எத்தனை ரூபாய் என்று வந்துவிடும். அதோடு சார்ஜ் ஏற்றும்போது ஆகும் இழப்பையும் நினைவில் வையுங்கள். ட்யூபுலரில் போட்டதில் 20 சதவீதம் வீணாகும், லித்தியத்தில் 5 முதல் 8 சதவீதம். பேனல் குறைவாக உள்ள வீட்டில் இது பெரிய வித்தியாசம். மாறாக, மாதத்தில் இரண்டு தடவை கரண்ட் போகும் வீட்டுக்கு இந்தக் கணக்கே பொருந்தாது. அங்கே ட்யூபுலரே போதும்.

நம் ஊர் வெயில் பேட்டரியைப் பாதிக்குமா?

மிகவும். அளவும் ஆயுளும் 25 அல்லது 27 டிகிரி செல்சியஸில் அளந்தவை. ஈய-அமில பேட்டரியில் 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். வேலூரிலோ மதுரையிலோ மே மாதத்தில் மொட்டை மாடித் தகரக் கொட்டகைக்குள் எவ்வளவு இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். லித்தியம் வாரண்டித் தாளில் இத்தனை டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்றே எழுதியிருப்பார்கள், பி.எம்.எஸ். அந்த வெப்பநிலையைப் பதிவும் செய்துவைக்கும். மாடிப்படிக்கு அடியிலோ, வடக்குப் பார்த்த சுவரோரமோ, காற்றோட்டமுள்ள இடமாக ஒதுக்குங்கள். கேபிள் நீளம் கூடினாலும் பரவாயில்லை, அதற்கேற்ற தடிமனில் போட்டுக்கொள்ளலாம்.

வாரண்டி செல்லாது என்று எதையெல்லாம் காட்டிச் சொல்வார்கள்?

ட்யூபுலரில் முதல் காரணம் தண்ணீர். மிதவை சிவப்புக்கு இறங்கியும் ஊற்றாமல் விட்டது, டிஸ்டில்டு வாட்டருக்குப் பதில் குழாய்த் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ ஊற்றியது. இரண்டாவது, சரியாகச் சார்ஜ் ஏறாமல் தட்டில் சல்ஃபேட் படிந்தது. 150 ஏ.எச். பேட்டரிக்கு 15 ஆம்பியராவது சார்ஜ் வேண்டும். 12 வோல்ட் பேட்டரி ஒன்றுக்கு 250 வாட்டுக்குக் குறையாமல் பேனல் இல்லையென்றால் மழைக்காலத்தில் அது அரைவயிற்றோடே கிடந்து கெடும். சர்வீஸ் சென்டரில் அமிலத்தின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரை ஆறு செல்லிலும் விட்டுப் பார்ப்பார்கள். ஒரு செல் மட்டும் 1.150, மற்றவை 1.240 என்று காட்டினால் அது தயாரிப்புக் குறை, மாற்றித் தருவார்கள். ஆறும் ஒன்றுபோல் இறங்கியிருந்தால் "சார்ஜ் ஆகவில்லை, பேட்டரியில் குறை இல்லை" என்று ஏற்றித் திருப்பி அனுப்புவார்கள். ஹைட்ரோமீட்டர் விலை சில நூறு ரூபாய்தான். வாங்கி மாதம் ஒருமுறை எழுதி வைத்தால் பேச்சு உங்கள் பக்கம் வலுவாக இருக்கும்.

லித்தியத்தில் வேறு பட்டியல்: கம்பெனி அங்கீகரித்த இன்வெர்ட்டரோடு இணைக்காதது, குறித்த நாட்களுக்குள் பதிவு செய்யாதது, அங்கீகாரம் பெற்றவர் பொருத்தாதது, பல மாதம் சார்ஜ் இல்லாமல் போட்டு வைத்தது. வெளிநாடு போய்விட்டு வருபவர்கள் கடைசியாகச் சொன்னதைக் கவனியுங்கள்.

வாங்கும் நாளில் என்ன பார்க்க வேண்டும்?

தயாரித்த மாதம். சார்ஜ் செய்யாமல் ஆறு மாதம் கடையில் கிடந்த ட்யூபுலர் வேண்டாம். பில்லில் சீரியல் எண் இருக்க வேண்டும், பேட்டரியின் மேல் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப் போக வேண்டும். கார்டில் தேதியும் சீலும். தெரிந்த வீடொன்றில் மூன்றாவது வருடம் பேட்டரி இறங்கிவிட்டது. கார்டு பத்திரமாக இருந்தது, ஆனால் டீலர் சீல் இல்லை, பில்லில் "பேட்டரி 2" என்று மட்டும் எழுதியிருந்தது. தயாரிப்புத் தேதியிலிருந்து கணக்கிட்டு இலவசக் காலம் முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். பில்லையும் கார்டையும் போட்டோ எடுத்து உங்கள் மெயிலுக்கே அனுப்பிவையுங்கள், வெப்பக் காகித பில் இரண்டு வருடத்தில் வெளுத்துவிடும்.

இறக்குமதி லித்தியம் என்றால் இந்தியாவில் வாரண்டிக்குப் பொறுப்பு யார் என்று எழுத்தில் கேளுங்கள். ஏற்றுகூலி, இறக்குகூலி, ஆள் வரும் செலவு யாருடையது என்றும் கேளுங்கள். நாற்பது, ஐம்பது கிலோ பெட்டியைத் திருநெல்வேலியிலிருந்து சென்னைக்கு அனுப்பும் செலவு சும்மா இல்லை.

நியாயமான கிளெய்மை மறுத்தால்?

மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். 1915 என்பது தேசிய நுகர்வோர் உதவி எண், முதலில் அங்கே பதிவு செய்யலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், நீங்கள் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. பொருள் வாங்கியது எங்கே என்றாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம், வக்கீல் கட்டாயமில்லை. அங்கே பேசுவது உங்கள் பில், கார்டு, விளக்கத் தாளின் நகல், எழுதி வைத்த ரீடிங் ஆகியவை.

இருக்கும் பழைய பேட்டரியோடு புதிது ஒன்று சேர்க்கலாமா?

ட்யூபுலரில் வேண்டாம். சீரிஸில் இருக்கும் நான்கில் பலவீனமான ஒன்றுதான் மற்ற மூன்றின் அளவையும் தீர்மானிக்கும், புதிதும் சீக்கிரம் கெடும். வாங்கி ஒரு வருடத்துக்குள் ஒன்று கெட்டு மாற்றினால் பரவாயில்லை. அதற்கு மேல் என்றால் செட்டாக மாற்றுவது நல்லது. லித்தியத்தில் அதே கம்பெனி, அதே மாடல் என்றால் பேரலலில் சேர்க்க அனுமதிப்பார்கள், ஆனால் எத்தனை மாதத்துக்குள் என்ற வரம்பு தாளில் இருக்கலாம். பின்னால் கூட்டிக்கொள்ளலாம் என்று நினைத்து வாங்குபவர்கள் அந்த வரியை வாங்கும் நாளிலேயே படித்துவிடுங்கள். பழைய ட்யூபுலரை 2022-ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகளின்படி டீலரிடமோ அங்கீகரிக்கப்பட்ட மறுசுழற்சியாளரிடமோதான் கொடுக்க வேண்டும். தெருவில் எடைக்கு எடுப்பவர் அமிலத்தைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு ஈயத்தை மட்டும் கொண்டுபோவார், கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் அவரிடம் போடாதீர்கள்.